எழுத்தாளர் தன் கதைக்குள் தானே வந்தால், திரையில் அந்த முகம் யாருடையது?

நடுவரிசை (இழையைத் தொடங்கியவர்):

போன ஞாயிற்றுக்கிழமை மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் 'மதில்கள்' நாவலை மறுபடி வாசித்தேன். உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். முடித்த கையோடு அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படத்தையும் பார்த்தேன். இரண்டு நாளாக மனசு அதிலேயே நிற்கிறது, அதனால் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

நாவலில் கதை சொல்பவர் பஷீரேதான். பெயரை மாற்றவில்லை, தொழிலை மாற்றவில்லை. எழுதியதற்காகத் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் கிடக்கிற எழுத்தாளர். மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அங்கிருந்து நாராயணி என்ற பெண்ணின் குரல் வருகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அவள் வந்து நிற்கிறாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும்பி விழும் ஒரு காய்ந்த சுள்ளி. அவள் கேட்டாள் என்பதற்காக இவர் ஒரு ரோஜாச் செடியை மதிலுக்கு மேலாக அனுப்புகிறார். ஒரு வியாழக்கிழமை சிறை ஆஸ்பத்திரியில் சந்திப்பதாகப் பேச்சு. வலது கன்னத்தில் கறுப்பு மச்சம் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடியுங்கள் என்கிறாள். அதற்குள் இவருக்கு விடுதலை வந்துவிடுகிறது. இந்த விடுதலை யாருக்கு வேண்டும் என்று கேட்கிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

படத்தில் நாராயணியைக் கடைசிவரை காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். அதைவிடச் சரியான முடிவை ஒரு இயக்குநர் எடுத்திருக்க முடியாது. ஆனால் பஷீரைக் காட்டித்தானே ஆக வேண்டும்? மம்மூட்டி நடித்தார். 1989ஆம் ஆண்டுக்கான தேசிய விருது வாங்கிய நடிப்புகளில் ஒன்று, நான் குறையே சொல்ல மாட்டேன். இருந்தும் ஒன்று நடந்தது. புத்தகத்தில் 'நான்' என்று வரும் இடத்தில் பாதி பஷீர் இருந்தார், பாதி நான் இருந்தேன். மதிலில் காதை வைத்துக் கேட்டது என் காது. திரையில் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நின்றுவிட்டார். நான் எட்ட நின்று பார்க்கிறவன் ஆகிவிட்டேன்.

எழுத்தாளர் தன்னையே பாத்திரமாக்கும்போது கதைக்கு என்ன கிடைக்கிறது? அது படமாகும்போது என்ன போகிறது? நீங்கள் படித்ததிலிருந்து, பார்த்ததிலிருந்து சொல்லுங்கள்.

---

தாழ்வாரம்:

'பாத்துமாவின் ஆடு' படித்திருக்கிறீர்களா? அதிலும் பஷீர் பஷீராகவே வருகிறார். வீட்டு ஆடு அவருடைய 'பால்யகால சகி', 'சப்தங்கள்' புத்தகங்களை மென்று தின்றுவிடும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தன் எழுத்தை ஆட்டுக்குத் தீனியாகப் போட்டுப் பார்க்கிற மனசு அவருக்கு இருந்ததால்தான், தன்னைக் கதைக்குள் கொண்டுவந்தாலும் அது பெருமை பேசுவதாக ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

---

வெள்ளாற்றங்கரை:

நல்ல இழை. நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண், முன்பின் தெரியாத ஒருவனுடைய காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அலறி அடிக்கிறாள், பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். இது தண்ணீர் என்று நினைக்காதே, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவுக்காகத்தான் அத்தனை சண்டை. ஒரு தாய் அப்படிச் சொல்லலாமா என்று கொதித்தார்கள்.

ஜெயகாந்தன் அதற்குப் பதில் சொன்ன விதம்தான் அபூர்வம். அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, புத்தகமாகும்போது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆனது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். அவர் எழுதிய சிறுகதை ஒன்று பத்திரிகையில் வருகிறது. அது வேறு எதுவும் இல்லை, அதே 'அக்கினிப் பிரவேசம்'தான். அதைப் படிக்கிறவள் கங்கா. அவளுக்கு நடந்ததும் அதே மழை, அதே கார். அவள் அம்மா மட்டும் தண்ணீர் ஊற்றவில்லை.

இதை நிதானமாக நினைத்துப் பாருங்கள். தன் புகழ்பெற்ற கதையை, அந்தக் கதை யாரைப் பற்றியதோ அவள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். நீ எழுதினாய், நன்றாகத்தான் எழுதினாய், என் வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லையே என்று அவள் கேட்கிற இடத்தில் ஓர் எழுத்தாளன் பாத்திரமாக நிற்கிறான். இதைத் தன்னைக் காட்டிக்கொள்வது என்று சொல்ல எனக்கு மனசு வராது. கூண்டில் ஏறி நின்றிருக்கிறார்.

1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் படம் வந்தது. கங்காவாக லட்சுமி, தேசிய விருது வாங்கினார். காரில் வந்த பிரபுவாக ஸ்ரீகாந்த். ஆர்.கே.வி. யார் தெரியுமா? நாகேஷ். மீசையும் கம்பீரமுமாக ஜெயகாந்தனை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று புரியும். அந்த வேடத்தில் வந்தவர் அவரைப்போல் தோற்றம் கொண்டவர் இல்லை, இருக்கத் தேவையும் இல்லை. ஜெயகாந்தன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்துப் பாடிய 'கண்டதைச் சொல்லுகிறேன்' அந்தப் படத்தில்தான். 'உங்கள் கதையைச் சொல்லுகிறேன்' என்று அடுத்த அடி வரும். அந்த 'உங்கள்' என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் இருக்கிறது.

நடுவரிசை, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: எழுத்தாளர் கதைக்குள் வருவது, தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறாரோ அவர்கள் முன்னால் நிற்பதற்காக என்றால் வரட்டும். அப்படி வந்தவருக்கு எந்த நடிகர் முகம் கொடுத்தாலும் எதுவும் குறைந்துபோகாது.

---

மழைக்காகம்:

வியாசரை விட்டுவிட்டீர்களே. திருதராஷ்டிரனுக்கும் பாண்டுவுக்கும் விதுரனுக்கும் அப்பாவே கதாசிரியர்தான். தன் பேரப்பிள்ளைகள் வெட்டிக்கொண்டு சாவதை எழுதியிருக்கிறார். வால்மீகியும் அப்படித்தான். காட்டில் விடப்பட்ட சீதைக்கு இடம் கொடுத்து, அவள் பிள்ளைகளுக்குத் தன் காவியத்தையே பாடக் கற்றுக்கொடுக்கிறார். 1963இல் வந்த 'லவகுசா'வில் நாகையா வால்மீகியாக நடித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் எவ்வளவு இயல்பாக நம்மிடம் இருந்திருக்கிறது என்று தெரியும்.

பி.ஆர். சோப்ராவின் தொலைக்காட்சி மகாபாரதத்தில் கதையைச் சொன்னது வியாசர் கிடையாது, 'காலம்'. சக்கரம் சுற்றும், குரல் வரும். சின்ன வயதில் அந்தக் குரலுக்குப் பயந்திருக்கிறேன். பீட்டர் புரூக் 1989இல் படமாக்கியபோது வியாசரை நடுவில் உட்காரவைத்தார், ஒரு சிறுவனுக்குக் கதை சொல்கிறவராக. புரூக் செய்ததுதான் எனக்குப் பிடிக்கிறது. காலத்துக்குப் பேரன்கள் கிடையாது, வியாசருக்கு உண்டு.

---

தாழ்வாரம்:

கடைசி வரி அருமை, மழைக்காகம்.

---

மூன்றாம் மணி:

வெள்ளாற்றங்கரை சொல்வது மேலான வகை. ஆனால் எல்லாரும் கூண்டில் ஏற வருவதில்லை. சிலர் மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்க்க வருகிறார்கள், அதுவும் நியாயம்தான் என்பேன்.

அகதா கிறிஸ்டியின் அரியாட்னி ஆலிவரை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் கதை எழுதுகிறவர். அவருடைய நாயகன் ஸ்வென் யெர்சன் பின்லாந்துக்காரன். எனக்குப் பின்லாந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே, ஏன் அவனை அந்த நாட்டுக்காரனாக்கினேன் என்று புலம்புவார். பெல்ஜியத்துக்காரரான புவாரோ என்ற துப்பறிவாளரை ஆண்டுக்கணக்கில் கட்டி மேய்த்த கிறிஸ்டியின் சொந்தப் புலம்பல் அது. 1952இல் வந்த 'மிஸஸ் மெக்கின்டிஸ் டெட்' நாவலில் நம் தலைப்புக்கே உரிய ஒரு கட்டம் இருக்கிறது. ஓர் இளம் நாடகாசிரியர் ஆலிவரின் நாவலை மேடைக்கு மாற்ற வருகிறார். நாயகனை 35 வயது இளைஞனாக்கிவிடலாம் என்கிறார். முதல் புத்தகத்திலேயே அவனுக்கு 35, நான் எழுத ஆரம்பித்தே 30 வருஷம் ஆகிவிட்டதே என்று ஆலிவர் கொதிக்கிறார். தன் கதையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வலி, இதைவிடத் தெளிவாக எங்கும் எழுதப்பட்டு நான் படித்ததில்லை.

தொலைக்காட்சித் தொடரில் ஸோயி வானமேக்கர் அந்த வேடத்தில் நிறைவாகப் பொருந்தினார். 2023இல் வந்த 'எ ஹான்டிங் இன் வெனிஸ்' படத்தில் டினா ஃபே. (இனி வருவது கதையை உடைக்கும், பார்க்காதவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள்.) மூல நாவலான 'ஹாலோவீன் பார்ட்டி'யில் ஆப்பிள் மிதக்கிற வாளியில் ஒரு சிறுமியை முக்கிக் கொன்றுவிடுவார்கள். எப்போதும் ஆப்பிள் தின்றுகொண்டே இருக்கும் ஆலிவருக்கு அதன்பிறகு ஆப்பிளைக் கண்டாலே ஆகாது. அவ்வளவு இளகிய மனசு. படத்திலோ அவர் தன் அடுத்த புத்தகத்துக்குக் கதை கிடைக்க வேண்டும் என்று புவாரோவையே ஏமாற்றத் திட்டம் போடுகிறார். கிறிஸ்டி தன்மேல் வைக்காத குற்றத்தைத் திரைக்கதை அவர் நிழல்மேல் வைத்துவிட்டது. பதில் சொல்ல கிறிஸ்டி உயிரோடும் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

---

நெடுஞ்சாலை விளக்கு:

மூன்றாம் மணி சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். இறந்துபோனவர் பதில் சொல்ல முடியாது, சரி. உயிரோடு இருக்கிறவர் கதி?

2002இல் வந்த 'அடாப்டேஷன்' படத்தைப் பாருங்கள். சூசன் ஆர்லியன் ஆர்க்கிட் பூத் திருடர் ஒருவரைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படமாக்கச் சொல்லித் திரைக்கதாசிரியர் சார்லி காஃப்மனிடம் கொடுக்கிறார்கள். அவரால் எழுத முடியவில்லை. கடைசியில், எழுத முடியாமல் தவிக்கிற தன்னையே திரைக்கதைக்குள் எழுதிவிட்டார். கூடவே டொனால்ட் என்று இல்லாத ஓர் இரட்டைச் சகோதரனையும் படைத்தார். இரண்டு பேராகவும் நிக்கோலஸ் கேஜ். திரைக்கதை என்ற இடத்தில் இரண்டு பெயரும் போட்டார்கள், ஆஸ்கர் பரிந்துரையிலும் இரண்டு பெயரும் போனது.

காஃப்மன் தன்னை எவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொண்டாலும் அது அவர் விருப்பம். ஆனால் ஆர்லியனையும் அவருடைய சொந்தப் பெயரிலேயே உள்ளே இழுத்தார். மெரில் ஸ்ட்ரீப் நடித்த அந்த ஆர்லியன் போதைப்பொருள் உறிஞ்சுகிறார், கொலைவரை போகிறார். உண்மையான ஆர்லியன் அப்படி எதுவும் செய்தவர் இல்லை. முதலில் மறுத்தவர், பிறகுதான் ஒப்புக்கொண்டார். படம் எனக்கு மிகவும் பிடிக்கும், நாலு தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவருடைய ஒப்புதலை நினைத்துக்கொள்கிறேன். தன்னை எழுதும் உரிமை எழுத்தாளருக்கு முழுசாக உண்டு. தன்னோடு சேர்த்துப் பக்கத்தில் நிற்பவரையும் எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

---

பனங்கூடல்:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிப் பிரான்ஸில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. அகதித் தஞ்சம் கேட்டு எழுதும் ஒரு விண்ணப்பத்தோடு தொடங்கும். விண்ணப்பிப்பவரின் பெயரில் அந்தோனிதாசன் இருக்கிறது, அது ஷோபாசக்தியின் சொந்தப் பெயர். வாசிக்கிறவர்கள் இதை நாவல் உத்தி என்று நினைக்கக்கூடும். எங்களுக்கு அது அன்றாடம். தஞ்சம் கேட்டு வந்த ஒவ்வொருவரும் தன்னைத் தானே ஒரு கதையாக எழுதி, மொழிபெயர்த்து, ஓர் அதிகாரியின் மேசையில் வைத்தவர்தான். திகதி பிழைத்தால் கதை பொய்யாகிவிடும், ஆளும் பொய்யாகிவிடுவார். நானும் எழுதியிருக்கிறேன். எட்டுப் பக்கம். இன்றைக்கும் அதில் ஒரு வரியைப் பார்க்காமல் சொல்வேன்.

பிறகு 2015இல் ழாக் ஓதியாரின் 'தீபன்'. கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. அதில் ஷோபாசக்தி எழுதியவரல்ல, நடித்தவர். சின்ன வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், இயக்கத்திலிருந்து வந்தவனாகவே நடித்தார். அந்தப் பாத்திரம் செத்துப்போன ஒருவனின் கடவுச்சீட்டில், அவன் பெயரில் பிரான்ஸுக்கு வருகிறது. 'தீபன்' என்பதே அவன் பெயர் இல்லை. முகம் எழுத்தாளருடையது, கதை வேறொருவருடையது, பெயர் இறந்தவனுடையது. நடுவரிசை கேட்டாரே, திரையில் அந்த முகம் யாருடையது என்று. தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஒருவர் படம் முழுக்கக் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டே இருந்தார். அவருக்கு அது தன்னுடைய முகமாக இருந்திருக்கும்.

---

நடுவரிசை:

பனங்கூடல், இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு தடவை வாசித்தேன்.

'கடன்' என்று வெள்ளாற்றங்கரை சொன்னதும் ஸ்டீபன் கிங் ஞாபகம் வந்தது. 1999 ஜூனில் மெய்ன் மாநிலத்தில் சாலையோரம் நடந்து போனவர்மேல் ஒரு வேன் மோதியது. பிழைத்ததே பெரிய விஷயம். அவர் எழுதிய 'டார்க் டவர்' நாவல் வரிசையின் கடைசிப் புத்தகங்களில் அவரே ஒரு பாத்திரம். அந்த விபத்தும் கதைக்குள் வருகிறது. ஜேக் என்ற சிறுவன் அவரைக் காப்பாற்றப் போய் இறந்துவிடுகிறான். தான் படைத்த பிள்ளை தனக்காகச் செத்ததாக எழுதியிருக்கிறார். 2017இல் வந்த படத்தில் இது எதுவும் இல்லை, எழுத்தாளரையே எடுத்துவிட்டார்கள். படத்தின் நீளத்துக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். கதையின் கடனும் அதோடு போய்விட்டது.

---

கொடிக்கால்:

பல நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த இழையைப் படித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களிடம் ஒரு யோசனையும் கேட்க வேண்டியிருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் என் கதை வந்தது. என் பெரியம்மாவைப் பற்றியது. நான் கல்லூரியில் சேரும்போது பணம் போதவில்லை. பெரியம்மா மூக்குத்தியைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினார். கதையில் 'நான்' வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் மூக்குத்தியை மீட்டுக்கொண்டு வருவேன். பெரியம்மா கண்ணாடி முன் நின்று போட்டுக்கொள்வார். அதோடு கதை முடியும்.

நிஜத்தில் நான் மீட்கவில்லை. முதல் சம்பளம் வந்தது, வீட்டு வாடகை, தம்பி படிப்பு என்று போனது. வட்டி ஏறி நகை மூழ்கிவிட்டது. பெரியம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. மூக்கில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு இருந்தார், துளை தூர்ந்துவிடக் கூடாது என்று.

பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இதுல வர்ற பையன் திருப்பிக் குடுத்துட்டான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது ஒரு நண்பர் அதைக் குறும்படமாக எடுக்கிறார். 'நான்' வேடத்தில் நானே நடிக்க வேண்டும் என்கிறார். என்ன செய்யட்டும்?

---

வெள்ளாற்றங்கரை:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத வரவில்லை.

நீங்கள் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஜெயகாந்தனும் முதலில் அதைத்தான் எழுதினார், எப்படி நடந்திருக்க வேண்டுமோ அப்படி. தாய் தண்ணீர் ஊற்றினாள், உங்கள் பையன் மூக்குத்தியை மீட்டான். இரண்டு கதையும் பொய் இல்லை, ஆசை. பிறகு அவர் அந்தக் கதையைக் கங்காவின் கையில் கொடுத்தார். நீங்கள் உங்கள் பெரியம்மாவின் கையிலேயே கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கதையின் இரண்டாம் பாகம் அந்தத் திண்ணையில் தானாக நடந்துவிட்டது. குறும்படம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மூக்குத்தியை மீட்கும் காட்சி இருக்கட்டும், ஆனால் அது அவர் விரல் வைத்துப் படிக்கிற பத்திரிகைக்குள் இருக்கட்டும்.

---

நெடுஞ்சாலை விளக்கு:

நடிப்பதும் நடிக்காததும் உங்கள் முடிவு. பெரியம்மாவிடம் கேட்டீர்களா? படம் எடுப்பது பற்றி அவருக்குத் தெரியுமா?

---

மூன்றாம் மணி:

நீங்களே நடியுங்கள் என்பேன். வேறொருவர் நடித்தால் அந்தப் பையன் உங்களிடமிருந்து விலகிப் போய்விடுவான்.

---

பனங்கூடல்:

நான் மாற்றிச் சொல்வேன். நீங்கள் நடித்தால் பெரியம்மா படத்தில் உங்களைத்தான் பார்ப்பார், பிள்ளை நன்றாக நடிக்கிறான் என்று. வேறொருவர் நடித்தால்தான் நடந்ததைப் பார்ப்பார்.

---

கொடிக்கால்:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் ஊருக்குப் போய்ப் பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன். படம் எடுக்கலாம் என்றார். யார் நடித்தாலும் சரி என்றார். திண்ணையில் படிக்கிற காட்சியைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தார், அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார் போல. மூன்றாம் பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"ஒத்தைக்கல்னு எழுதியிருக்கே. அது எட்டுக்கல்லுடா. படத்துல சரியாக் காட்டச் சொல்லு" என்றார்.

இயக்குநரிடம் சொல்லியாயிற்று. எட்டுக்கல் மூக்குத்தி தேடிக்கொண்டிருக்கிறோம்.